முடியாது வகுப்பு

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் ஆன்ட்டி. இல்லை, ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டாம், நீங்களே இருங்கள். அந்தக் கூடையை மட்டும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் எனக்கு மறைவாக இருக்கும். ஆமாம், மறைவுதான். இந்த முக்காடு வெயிலுக்காகப் போட்டது இல்லை. முன்னால் இடப்பக்கம் மூன்றாவது சீட், நீலச் சுடிதார், இரட்டைச் சடை. பார்க்காதீர்கள். பார்க்காதீர்கள் என்று சொன்னவுடன் எட்டிப் பார்க்கிறீர்களே.

அவள் பெயர் கோதைநாயகி. பூ மார்க்கெட்டில் இறங்கி, அங்கே ஒரு பேக்கரியில் வேலைக்குப் போய் நிற்கப்போகிறாள். தனியாக. பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பஸ்ஸில் தனியாகப் போகிறாள். துணைக்கு யாரும் இல்லாமல் வந்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் இந்த பஸ்ஸில் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

ஆமாம், டவுன் சிண்ட்ரோம். முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டீர்கள், சந்தோஷம். நோய் இல்லை ஆன்ட்டி. சாபமும் இல்லை. பிறக்கும்போதே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். நம்மிடம் இருப்பதைவிட அவளிடம் ஒன்று அதிகம். அதற்குத்தான் எல்லோரும் ‘அய்யோ பாவம்’ என்கிறார்கள். நான் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். சம்பளம் எல்லாம் கிடையாது, நானாகப் போவதுதான்.

பார்த்தீர்களா, சொல்லிவிட்டீர்கள். புண்ணியம். இந்த வார்த்தை எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஹாஸ்டல் வார்டன் சொல்வார், வீட்டில் சித்தி சொல்வார், ஆட்டோக்காரர்கூடச் சொன்னார். அவள் என்ன கோயில் உண்டியலா ஆன்ட்டி, வாரா வாரம் போய் எதையாவது போட்டுவிட்டு நான் புண்ணியம் எடுத்துக்கொண்டு வருவதற்கு? ஒரு டிகிரி மாணவனுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தால் புண்ணியம் என்று யாராவது சொல்வார்களா? எவ்வளவு ஃபீஸ் என்றுதானே கேட்பார்கள். உங்கள்மேல் கோபம் இல்லை. எனக்கு வாதாடாமல் இருக்க வராது. பெயர் மிருதுளா. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். இங்கே யுனிவர்சிட்டியில் எம்.ஏ. சோஷியாலஜி, இரண்டாம் வருஷம்.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்றால், பட்டிமன்றத்தில் வந்தேன். ‘பரிதாபம் அல்ல, உரிமை’ என்று தலைப்பு. நான் பேசிய பேச்சுக்குக் கோப்பை கொடுத்தார்கள். எங்கள் டிபார்ட்மென்ட் சார் ஒருவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நல்லாத்தான் பேசினே. அவங்கள்ல யாரையாச்சும் உனக்குத் தெரியுமா?” என்ன கேள்வி இது. செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசினால் அங்கே போய்விட்டு வந்தா பேசுகிறோம்? இருந்தாலும் சுருக்கென்று இருந்தது. அடுத்த சனிக்கிழமையே வடவள்ளியில் இருக்கும் அந்த மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மையத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? மொட்டுகள். உள்ளே இருப்பவர்களுக்கு இருபது வயதிலிருந்து முப்பத்தைந்து வரை. முப்பத்தைந்து வயது வரைக்கும் மொட்டு. எப்போதுதான் பூக்கிறதாம்? பொறுப்பாளர் சுகந்தி மேடத்திடம் முதல் நாளே கேட்டேன். “இவங்க எல்லாம் தெய்வக் குழந்தைங்கம்மா” என்றார். “மேடம், அந்த மூலையில இருக்கிற தெய்வக் குழந்தைக்கு மீசை நரைச்சிருக்கு” என்றேன். அதிலிருந்து மேடம் என்னிடம் பேசும்போது தனியாக ஒரு புன்னகை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

எங்களைப் போல வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். ஒருத்தி சர்டிபிகேட்டுக்கு வருவாள். ஒருத்தன் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பத்தில் எழுத வருவான். பாதிப் பேர் தங்கள் பிறந்தநாளுக்கு வருவார்கள். கேக் வெட்டி, அவர்கள் வாயில் ஊட்டி, போட்டோ எடுத்து, ‘இன்று நான் கொடுத்ததைவிடப் பெற்றதே அதிகம்’ என்று போடுவார்கள். என்ன பெற்றாய் என்று கமெண்டில் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

எந்த இடம் இது, பி.என்.புதூரா? சரி, இன்னும் நேரம் இருக்கிறது. என்ன செய்கிறாள், உட்கார்ந்துதானே இருக்கிறாள்? நீங்கள் பாருங்கள், நான் தலையைத் தூக்க முடியாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு ஆன்ட்டி. கேட்டால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு ஜூனிலும் புதுசாக ஒரு பேட்ச் மாணவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்க வருவார்கள். வந்தவுடன் கலர் சாக்பீஸை எடுத்து போர்டில் ‘அ’ எழுதுவார்கள். ஆடு, இலை, ஈ என்று ஏப்ரலுக்குள் எப்படியோ ஊஞ்சல் வரைக்கும் வருவார்கள். பரீட்சை வந்துவிடும், போய்விடுவார்கள். அடுத்த ஜூனில் புது பேட்ச், மறுபடியும் ‘அ’. யாருமே முன்னால் இருக்கிறவர்களைப் பார்த்து ‘உங்களுக்கு எது வரைக்கும் தெரியும்’ என்று கேட்பதில்லை. கோதை அந்த மையத்துக்குப் பத்து வருஷமாக வருகிறாள். பத்து வருஷமும் ஊஞ்சலைத் தாண்டவில்லை.

அதைவிடக் கொடுமை, அவர்கள் ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். புது அக்கா ‘அ’ எழுதுவாள். இவர்கள் எல்லோரும் அதைப் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். கோதை உடனே கை தட்டுவாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, “சூப்பர் அக்கா” என்று தட்டுவாள். அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிடும். அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டேட்டஸ் போட்டுவிடுவாள்.

ஆமாம், அக்காதான். கோதைக்கு இருபத்தேழு, எனக்கு இருபத்திரண்டு. என்னையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அங்கே பாடம் எடுக்கிறவர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது பழக்கம். நான் அவளை வா போ என்பது உரிமையில். இதை எல்லாம் போய் நோண்டிக்கொண்டிருக்க முடியாது ஆன்ட்டி. பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன.

அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் என் போனில் எங்கள் அம்மா அனுப்பிய மெசேஜ் வந்தது. பக்கத்தில் இருந்த கோதை எட்டிப் பார்த்து, “அக்கா, தலைக்கு எண்ணெய் வைக்காம சுத்தாதேன்னு போட்டிருக்காங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்குப் படிக்கத் தெரியுமா?” “தெரியும்.” “அப்புறம் ஏன் சொல்லல?” “நீங்க கேக்கல.” “பின்னே எதுக்கு நான் ‘அ’ எழுதினப்போ கை தட்டினே?” கொஞ்சம் யோசித்தாள். “நீங்க கஷ்டப்பட்டு எழுதினீங்கல்ல” என்றாள்.

நான் எழுதினேனா என்று கேட்கிறீர்கள். எழுதினேன். ஆனால் என் முறை வேறு, நான் வண்ணம் மாற்றி மாற்றி எழுதினேன். அதுவும் தீபாவளி வரைக்கும்தான்.

அதற்கப்புறம் ‘அ’வைத் தூக்கிப் போட்டேன். இவர்களுக்கு வேண்டியது எழுத்து இல்லை, எதிர்ப்பு. பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று பழக்கிவிட்டார்கள். அதனால் நானே ஒரு பாடம் வகுத்தேன். முடியாது வகுப்பு. நான் ஏதாவது கேட்பேன், அவள் முடியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். “கோதை, உன் பொட்டை அழிச்சிட்டு வேற வைக்கட்டுமா?” “சரிக்கா.” “சரி இல்லை. முடியாது.” “முடியாதுக்கா.” “சிரிச்சுக்கிட்டே சொல்லாதே. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.” “முடியாது.” இப்படி எல்லா சனிக்கிழமையும் நடத்தினேன். அவளுக்குப் பிடிக்கிறதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். வகுப்பு வேண்டாம் என்றும் ஒரு நாள் சொன்னாள். எனக்குப் புல்லரித்துவிட்டது, பாடம் ஏறுகிறது என்று இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து நடத்தினேன்.

அவள் அம்மா சரோஜினி மையத்துக்கே வந்துவிட்டார். “ஏங்கண்ணு, என்ன சொல்லிக் குடுத்தே எம்புள்ளைக்கு? குளிக்க வாடின்னா முடியாதுங்கறா. சுரைக்காய் பொரியல் முடியாதுங்கறா. நேத்து எங்க நாத்தனா வந்து, கன்னத்தைக் கிள்ளி முத்தம் குடுறீன்னா, கண்ணைப் பாத்து முடியாதுன்னுட்டா. அவ மூஞ்சிய தூக்கிட்டுப் போயிட்டா.” நான் சொன்னேன், “அம்மா, இதுதான் வளர்ச்சி.” அவர், “சுரைக்காயை நீ வந்து தின்னுட்டுப் போ” என்றார்.

அங்கே என்ன சத்தம்? யார் அது, பூக்கூடை வைத்திருக்கிற அம்மாவா? கோதையிடம் என்ன கேட்கிறார்? ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுக்கச் சொல்கிறாரா? விடுங்கள் ஆன்ட்டி, கையை விடுங்கள். நான் போய் ஒரே வார்த்தை. அந்த அம்மாவுக்கு அந்தச் சீட்டின் மேல் என்ன உரிமை... என்ன? முடியாதுங்க என்றாளா? நன்றாகக் கேட்டதா உங்களுக்கு? பார்த்தீர்களா. அந்த அம்மா சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாரே. இப்போது பேசிக்கொள்கிறார்களா? பூவா கொடுக்கிறார்? வாங்கிக்கொண்டாளா? சரி. முடியாதுங்க என்று ‘ங்க’ போட்டிருக்கிறாள். நான் ‘ங்க’ சொல்லிக் கொடுக்கவில்லை. அது சேர்ந்தால் எதிர்ப்பின் கூர்மை போய்விடுகிறது. பரவாயில்லை.

பேக்கரி கதைக்கு வருகிறேன். கோதைக்குப் பேக்கரி என்றால் உயிர். கேக்குக்காக இல்லை, பெட்டிக்காக. கேக் வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டி தட்டையாக வருமே, அதை மடித்து மூலைகளைச் சொருகினால் பெட்டியாக நிற்கும். பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டிகளை எல்லாம் பிரித்துத் தட்டையாக்கித் திரும்ப மடிப்பாள். பூ மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் ‘பேக்கிங் வேலைக்குப் பெண்கள் தேவை’ என்று போர்டு வைத்திருந்தார்கள். அவளும் அவள் அம்மாவும் அந்த வழியாகப் போகும்போது, அவளே படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். “அக்கா, நான் பெண்கள்தானே?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் சும்மா இருக்க முடியுமா? அழைத்துக்கொண்டு போனேன். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். முதலாளி பெயர் திருமூர்த்தி. கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கோதையைப் பார்த்து, “வா பாப்பா. பேரென்ன?” என்றார்.

பாப்பா. இருபத்தேழு வயதுப் பெண்ணை.

நான் அமைதியாகத்தான் தொடங்கினேன். வளர்ந்த ஒரு பெண்ணைப் பாப்பா என்று அழைப்பதன் பின்னால் என்ன மனோபாவம் இருக்கிறது, அது எப்படி ஒருவரின் சுயத்தை நசுக்குகிறது என்று விளக்கினேன். அவர், “ஏனுங்க, எங்க கடைல மாவு பிசையறவங்களுக்கு அம்பது வயசுங்க. அவங்களையும் பாப்பான்னுதான் கூப்பிடறேன்” என்றார். அப்படியானால் பிரச்சினை இன்னும் ஆழமானது என்றேன். “டீ சாப்பிடறீங்களா?” என்றார். இது உபசாரமா, சலுகையா என்று கேட்டேன். அவர் கோதையைப் பார்த்து, “காலைல ஒம்போது மணிக்கு வந்துருவீங்களா?” என்றார். நான் சட்டத்தில் வேலை நேரத்துக்கு உள்ள தளர்வுகளை எடுத்துச் சொன்னேன். “நின்னுக்கிட்டே வேலை பார்க்கணும், ஆகுமுங்களா?” என்று அவளிடம் கேட்டார். நான் ஜெராக்ஸை எடுத்தேன்.

“ஏனுங் அம்மிணி” என்றார் அந்த மனிதர். “வேலைக்கு வந்தது நீங்களா, அவுங்களா?”

திரும்பிப் பார்த்தால் கோதை பக்கத்தில் இல்லை. கடைக்குள் போய், சுவர் ஓரம் அடுக்கி வைத்திருந்த அட்டைகளை எடுத்துப் பெட்டியாக மடித்து மேஜை நிறைய நிற்க வைத்திருந்தாள். எனக்கு மானம் போய்விட்டது. நான் அவளுக்காகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன், அவள் வேலையே கிடைக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பெயர்தான் சுரண்டல் என்று அவளிடம் சொன்னேன். “இருங்கக்கா, மூலை சொருகணும்” என்றாள்.

திருமூர்த்தி அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “திங்கக்கிழமை அவுங்க வரட்டுங்க. அவுங்க மட்டும். தனியா வர முடிஞ்சா வேலை உண்டு. நீங்க கூட வந்தீங்கன்னா வேலை இல்லீங்க. எனக்கு பி.பி. இருக்குது” என்றார்.

எப்படிப் பழிவாங்குகிறார் பாருங்கள். அவளால் தனியாக வர முடியாது என்று அவருக்குத் தெரியும்.

இல்லை, அவளால் வர முடியும். நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை. பஸ்ஸில் தனியாகப் போக விடுங்கள் என்று அவள் அம்மாவிடம் இரண்டு நாள் வாதாடியதே நான்தான். “நடுவுல எவனாச்சும் ஏதாச்சும் பண்ணுனா?” என்றார். “எனக்கும்தான் பண்ணுவான், என்னை எங்க அம்மா பூட்டியா வச்சிருக்காங்க?” என்றேன். “இடம் மாறி இறங்கிட்டா?” “இறங்கினா யாரையாவது கேட்பா. வாய் இருக்கு. நீங்க அவளை நம்பணும். நம்பாம பின்னாடியே சுத்தறதுக்குப் பேர் அன்பு இல்லைம்மா, காவல்.” அந்த வரி எனக்கே பிடித்திருந்தது. அவர் அழுதுவிட்டுச் சம்மதித்தார். இன்றைக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார். சொன்னால் சொன்னபடி நின்றார், அதைச் சொல்ல வேண்டும்.

நேற்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய்க் கோதைக்குக் கடைசியாக ஒரு தடவை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, “நானும் சும்மா பூ மார்க்கெட் வரைக்கும்...” என்று ஆரம்பித்தேன். கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்தாள். என் கண்ணைப் பார்த்தாள். “முடியாது” என்றாள்.

“ஏன் கோதை?”

“நீங்க பேசுவீங்க.”

“பேச மாட்டேன்.”

“பேசுவீங்க. வேலை போயிரும். எனக்கு வேலை வேணும்.”

யார் சொல்லிக் கொடுத்த முடியாது அது? யாரிடம் சொல்கிறாள்? இத்தனை நாள் பாடுபட்டதற்கு இதுதான் பலன். அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களே, அவர்களுக்கெல்லாம் ‘சூப்பர் அக்கா’. உரிமைக்காக நின்ற எனக்கு மட்டும் முடியாது. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை ஆன்ட்டி. கூட வர மாட்டேன் என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

நான் சத்தியத்தை மீறவில்லை. கூட வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். கூட வரவில்லையே. பின்னால் வருகிறேன். பேக்கரிக்குள் போக மாட்டேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடையில் நின்றுகொண்டு பார்ப்பேன். அவர் ஏதாவது ஏடாகூடமாகக் கேட்டால் மட்டும், ஒரே ஒரு வார்த்தை. அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காவல் வேறு, ஆதரவு வேறு. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரோஜினியம்மா செய்திருந்தால் அது காவல். நான் செய்வது கோட்பாட்டின் அடிப்படையில்.

குனிந்துகொள்கிறேன், கண்டக்டர் வருகிறார்.

ஒன்று கொடுங்கண்ணா, பூ மார்க்கெட். என்ன? எடுத்தாச்சா? யார் எடுத்தார்கள்? பெண்களுக்குத்தான் டிக்கெட் இலவசமாயிற்றே, அதை இன்னொருத்தர் எதற்காக வாங்க வேண்டும்? யார், என் அக்காவா? எனக்கு அக்காவே கிடையாதுண்ணா. முன்னாடி நீலச் சுடிதாரா?

என்ன சொன்னாங்க அவங்க? இல்லை, நீங்க அப்படியே சொல்லுங்க, அவங்க சொன்ன மாதிரியே.

கேட்டீர்களா ஆன்ட்டி? ‘பின்னாடி மஞ்சத் துப்பட்டாவுல மூஞ்சிய மூடிட்டு ஒரு பாப்பா உக்காந்திருக்கும். நம்ம பாப்பாதான். அதுக்கும் சேர்த்துக் குடுங்க. லாலி ரோட்டுல மறக்காம இறக்கி விட்டுருங்க. அது ரொம்பப் பேசும், நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.’

பாப்பா.

அண்ணா, எனக்கு இருபத்திரண்டு வயது. நான் எம்.ஏ. படிக்கிறேன். என்னை ஒருத்தர் எங்கே இறக்குவது என்று இன்னொருத்தர் முடிவு செய்வது எந்த விதத்தில்... விசில் அடிக்காதீங்கண்ணா. நான் சொல்லி முடிக்கவில்லை. லாலி ரோடு வந்துவிட்டதா? வந்தால் வரட்டும். நான் இறங்க மாட்டேன் என்றால்?

நான் இறங்காவிட்டால் அவளுக்கு வேலை போய்விடும். அது எனக்குத் தெரியாதா? எல்லோரும் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், அவள் ஒருத்தி மட்டும் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்துவிட்டேன். எழுந்துவிட்டேண்ணா. அவள் சொன்னாள் என்பதற்காக இறங்கவில்லை, நானாகத்தான் இறங்குகிறேன், இதை நீங்கள் கவனிக்க வேண்டும் ஆன்ட்டி. எனக்கு இங்கே ஒரு வேலையும் இருக்கிறது. என்ன வேலை என்று அப்புறம் யோசித்துக்கொள்கிறேன். வழி விடுங்கள், காலை மிதித்துவிட்டேன், மன்னியுங்கள்.

ஆன்ட்டி, ஜன்னலைக் கொஞ்சம் தூக்குங்கள். இங்கே, கீழே. ஒரே ஒரு உதவி. நீங்கள் காந்திபுரம்தானே போகிறீர்கள்? அவள் பூ மார்க்கெட்டில் சரியாக இறங்குகிறாளா என்று மட்டும் பார்த்து எனக்கு ஒரு மிஸ்டு கால். என் நம்பர் சொல்கிறேன், தொண்ணூற்றி எட்டு...

என்னது? முடியாதா?

நீங்களுமா. அதுவும் என் கண்ணைப் பார்த்து. நான் உங்களுக்குப் பாடமே எடுக்கவில்லையே ஆன்ட்டி, கதைதானே சொன்னேன்.

சரி, போங்கள். பஸ் கிளம்புகிறது. அதோ, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். தலையில் அந்த அம்மா கொடுத்த பூ. இப்போது பார்க்கிறாளே என்னை, இறங்கிய பிறகு. என்ன செய்கிறாள் அவள்? இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி...

கை தட்டுகிறாள் ஆன்ட்டி. சூப்பர் என்கிறாள். இதில் கை தட்ட என்ன இருக்கிறது, நான் என்ன இப்போதுதான் ‘அ’ எழுதினேனா?